வியூஸ் ஆயிரக்கணக்குல, கவுண்டர்ல நாப்பது பேரு: சின்ன ஊர் தியேட்டருக்கு எது கைகொடுக்கும்?

ரெண்டாம்ஆட்டம் கேட்டது:

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சிங்கிள் ஸ்கிரீன். 480 சீட், ஏசி, நாலு ஆட்டம். வெள்ளி, சனி, ஞாயிறு எப்படியும் ஓட்டிருதோம். திங்கள்ல இருந்து வியாழன் வரை பகல் ஆட்டத்துக்கு நாப்பது டிக்கெட் கிழிக்கதே பெரும்பாடா இருக்கு.

இன்ஸ்டாகிராம்ல ரீல்ஸ் போடுதோம். சிலத இருபதாயிரம், முப்பதாயிரம் பேர் பாக்காவ. கவுண்டர்ல அது தெரியவே இல்ல. பழைய ஃபேஸ்புக் பேஜ் ஒண்ணு கிடக்கு. வாட்ஸ்அப் குரூப் இருக்கு, அதுல ரசிகர் மன்றத்துப் பையங்க மட்டும்தான். மாசம் 6000 ரூபா வரை செலவழிக்கலாம், ஒரு பையன் தினம் ஒரு மணி நேரம் இதுக்குன்னு உக்காருவான்.

எதுல நேரத்தப் போடணும்? காசு குடுத்து விளம்பரம் போட்டா எப்படிப் போடணும்? முதல் நாள் கொண்டாட்டத்தத் தியேட்டருக்குள்ள வீடியோ எடுத்துப் போடலாமா, அதுல சிக்கல் உண்டா? தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

டிகே_ஏரியா எழுதியது:

தம்பி, முதல்ல இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸைத் திறந்து, பார்த்தவங்க எந்த ஊருன்னு பாருங்க. சென்னை, பெங்களூரு, துபாய்னு வரிசையா வந்தா அது அந்த நடிகரோட ரசிகர் கூட்டம். லைக் போடுவாங்க, உங்க மேட்னிக்கு வர முடியாது. அம்பை, கல்லிடை, விகேபுரம், வீரவநல்லூர், கடையம், முக்கூடல், சேரன்மகாதேவி. உங்க டிக்கெட் இந்த வட்டத்துக்குள்ளதான் இருக்கு. இங்கிருந்து ஐந்நூறு பேர் பார்த்தாலே போதும்.

படத்தை விளம்பரம் பண்றது தயாரிப்பாளர் வேலை. டிரெய்லரும் பாட்டும் ஏற்கனவே எல்லார் போன்லயும் வந்தாச்சு. அதையே நீங்களும் தூக்கிப் போட்டா, பார்க்கிறவனுக்குப் புதுசா ஒண்ணும் தெரியப்போறதில்ல. தியேட்டர்க்காரங்க மட்டுமே சொல்ல முடிஞ்ச சேதின்னு சிலது இருக்கு: இன்னைக்கு நம்ம ஸ்கிரீன்ல என்ன படம், எத்தனை மணிக்கு, டிக்கெட் இருக்கா, எத்தனை மணிக்கு விடுவாங்க. கடைசியா சொன்னதை யாருமே போடுறதில்ல. பஸ்ஸை நம்பி வர்ற குடும்பத்துக்கு அதுதான் முதல் கேள்வி. 'மாலை ஆட்டம் 6.30. விளம்பரம், டிரெய்லர் 10 நிமிடம், படம் 2 மணி 35 நிமிடம், இடைவேளை 15 நிமிடம். 9.30-க்கு வெளியே வந்துடலாம்.' இதைத் தினமும் காலை 8 மணிக்குள்ள போடுங்க. நாள் தவறக்கூடாது. ரெண்டு நாள் விட்டுப்போனா, மூணாவது நாள் சனம் உங்க பக்கத்தைத் திறந்து பார்க்காது. பஸ் ஸ்டாண்டுல போஸ்டரைப் பார்த்தாப் போதும்னு பழைய வழிக்குப் போயிடும்.

டிக்கெட் நிலவரத்துல ஒரு தப்பு அடிக்கடி நடக்கும். ஆன்லைனுக்கு நூறு சீட் மட்டும் ஒதுக்கியிருப்பாங்க, அது முடிஞ்சதும் ஆப்ல ஹவுஸ்ஃபுல் மாதிரி காட்டும். கவுண்டர்ல முந்நூறு டிக்கெட் சும்மா கிடக்கும். முதல் ரெண்டு நாளும் 'ஆன்லைன் முடிஞ்சது, கவுண்டர்ல டிக்கெட் இருக்கு'ன்னு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு வரி போட்டுடுங்க.

அப்புறம், எல்லாத்துக்கும் முன்னாடி கூகுள் மேப். காசே கிடையாது. பல தியேட்டரோட பக்கத்துல யாரோ என்னைக்கோ போட்ட போட்டோவும், வேலை செய்யாத போன் நம்பரும்தான் இருக்கும். கூகுள் பிசினஸ் புரொஃபைல்ல போய் அது உங்களோடதுன்னு பதிஞ்சு வாங்குங்க. சரிபார்க்க இப்போ பெரும்பாலும் வீடியோ கேட்கும்: தெருவுல ஆரம்பிச்சு, போர்டு தெரிய, கவுண்டருக்குள்ள போய், ஊழியர் மட்டும் நுழையுற ஒரு ரூமைச் சாவி போட்டுத் திறக்கிற வரை, நடுவுல வெட்டாம ஒரே ஓட்டமா எடுக்கணும். போர்டுல ஒரு பேரு, மேப்ல ஒரு பேருன்னு இருந்தா ஏத்துக்காது. குறிப்புள்ளி மெயின் கேட் மேல விழணும். தியேட்டர் பின்பக்கச் சந்துல விழுந்தா வண்டியெல்லாம் அங்க போய் முட்டிக்கிட்டு நிக்கும். படம் இல்லாத நாளுக்கு 'தற்காலிகமாக மூடப்பட்டது'ன்னு போடாதீங்க, அதை எடுக்க மறந்தா மாசக்கணக்குல மூடினதாவே காட்டும். அந்த ஒரு நாளுக்கு மட்டும் விசேஷ நேரம் குறிச்சா போதும். பாபநாசம் அருவிக்கும், குற்றாலம் சீசனுக்கும் வர்ற வெளியூர்க்காரங்க, சாயங்காலம் என்ன செய்யலாம்னு தேடுறது மேப்லதான்.

பாவூர்_வடிவு எழுதியது:

உங்க குரூப்ல மன்றத்துப் பையங்க மட்டும் இருக்கதுக்குக் காரணம் அந்தக் குரூப்புதான் தம்பி. 1024 பேர் வரை சேரலாம், ஆனா ஒருத்தர் நம்பர் எல்லார் கண்ணுலயும் படும். பொம்பளையாளுக எப்படிச் சேருவாவ? வார நாளுல வீட்டுப் பொம்பளையாளுக வந்தாத்தான் பகல் ஆட்டம் நிறையும்.

பிராட்காஸ்ட் லிஸ்ட்ல ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான். அதுவும் உங்க நம்பரத் தன் போன்ல சேமிச்சு வச்சவங்களுக்குத்தான் போய்ச் சேரும். சேமிக்காதவங்களுக்கு நீங்க அனுப்பினது போகவே போகாது. ஸ்டேட்டஸ்ல வச்சா, அவங்க நம்பர் உங்ககிட்டயும் உங்க நம்பர் அவங்ககிட்டயும் இருந்தாத்தான் தெரியும். இது தெரியாம, தினம் ஸ்டேட்டஸ் போட்டும் நாப்பது பேருதான் பாக்காவன்னு சலிச்சுக்கிடுதவங்க நெறய.

வாட்ஸ்அப் சேனல்னா நம்பர் ஒருத்தருக்கொருத்தர் தெரியாது, இத்தனை பேருதான்னு கணக்கும் இல்ல. ஆனா ஒரு குறை. சேனல்ல சேந்த உடனே அறிவிப்புச் சத்தம் அணைஞ்சேதான் இருக்கும். மேல இருக்க மணியத் தொட்டாத்தான் வரும். அதனால சேனல்ல சேருதவங்களுக்கு 'மணியத் தொடுங்க'ன்னு படம் போட்டுக் காட்டணும். சேனலுக்குப் பதில் எழுத முடியாது, அதுக்கு உங்க வாட்ஸ்அப் பிசினஸ் நம்பரச் சேனல் விவரத்துல போட்டு வைங்க.

அந்த நம்பர் தியேட்டர் பேருல வாங்கின சிம்மா இருக்கணும். கவுண்டர் பையன் சொந்த நம்பரா இருந்தா, அவன் வேல மாறிப் போகையில ஆயிரம் பேரும் அவன் கூடவே போயிருவாவ. வாட்ஸ்அப்ல ரெண்டடுக்குப் பாதுகாப்புக்கு ரகசிய எண்ணும் வச்சிருங்க. பிசினஸ் ஆப்ல குயிக் ரிப்ளைன்னு ஒண்ணு இருக்கு. காலைல நாலு ஆட்ட நேரத்தையும் அதுல மாத்தி வச்சிட்டா, நாள் முழுக்க யாரு கேட்டாலும் சாய்கோடு தட்டி ஒரே தொடுதல்ல பதில் போயிரும். கேட்டவங்க நம்பர அப்பமே பேரோட சேமிச்சுக்கிடுங்க.

இப்ப முக்கியமானது. முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுத்துதாவ. மடியில தட்டு, ஒரு கையில இலை, ஒரு கையில தூள். போஸ்டரத் தொட்டுப் பெருசாக்கிப் பாக்கக் கை ஓயாது, காது மட்டும்தான் சும்மா இருக்கும். சேனல்ல குரல் பதிவு போடலாம். 25 நொடி போதும், நம்ம ஊருப் பேச்சுல, ஒரு பொம்பளைக் குரல்ல: 'நாளைக்கு மேட்னி ரெண்டரை மணி, குடும்பத்தோட பாக்கலாம், சண்டை ரொம்ப இல்ல, அஞ்சே முக்காலுக்கு விட்டுருவாவ, பிள்ளையள் பள்ளிக்கூடம் விட்டு வருமுன்ன வேணும்னா பதினோரு மணி ஆட்டத்துக்கு வாங்க.' ஒரு நிமிசத்தத் தாண்டுனா யாரும் முழுசாக் கேக்க மாட்டாவ. படமா அனுப்புனாலும் விவரத்தக் கீழ எழுத்தாவும் எழுதுங்க. டேட்டா மிச்சம் பிடிக்கவங்க போன்ல படம் தானா இறங்காது, எழுத்து வந்துரும்.

ரெண்டாம்ஆட்டம்:

அக்கா, சேனலுக்குக் கியூஆர் அச்சடிச்சுக் கவுண்டர் கண்ணாடியில ஒட்டிப் பாத்தோம். ஸ்கேன் ஆக மாட்டேங்குது, வரிசையும் நிக்கிது. எங்க ஒட்டுனா சரியா வரும்?

பாவூர்_வடிவு:

கவுண்டர் வேண்டாம். டிக்கெட் வாங்குத அவசரத்துல யாரும் போன எடுக்க மாட்டாவ, பின்னால இருக்கவன் தள்ளுவான். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டுனா டியூப்லைட் வெளிச்சம் எதிரடிச்சுக் கேமராவுக்குக் கட்டம் தெரியாது. பளபள லேமினேஷனும் அதே கததான், மேட் லேமினேஷன் கேளுங்க. கையெட்டும் தூரத்துல ஒட்டுததுக்குக் கட்டம் 10 சென்டிமீட்டர் இருந்தாப் போதும். பத்தடி தள்ளி நின்னு எடுக்கணும்னா 30 சென்டிமீட்டர் வேணும், தூரத்துல பத்துல ஒரு பங்குன்னு கணக்கு வச்சுக்கிடுங்க. சுத்தி வெள்ளை ஓரம் விட்டே ஆகணும், டிசைன் நல்லாருக்கும்னு படத்துக்கு மேல பதிச்சா வேல செய்யாது.

ஒட்ட வேண்டிய எடம் கேன்டீன். இடைவேளையில பப்ஸுக்கும் பாப்கார்னுக்கும் நிக்கையில எல்லார் கையிலயும் போனுதான். அடுத்தது பெண்கள் கழிப்பறைக்கு வெளிச்சுவர். மூணாவது, சீட்டுல உக்காந்து விளம்பரம் ஓடுத நேரத்துல திரையிலயே ஸ்லைடா போடுங்க, 20 நொடிக்குக் குறையாம நிக்கணும். மேல ஒரே வரி: 'நம்ம தியேட்டர் ஆட்ட நேரம் தினமும் உங்க போனுக்கு.' வேற எழுத்தே வேண்டாம்.

நெல்லை_விளம்பரம் எழுதியது:

பணம் கட்டிப் போடும் விளம்பரம் பற்றி மட்டும் சொல்கிறேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவில் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. முன்பணம் செலுத்தும் கணக்கில் 1000 ரூபாய் போட்டால் விளம்பரத்துக்கு மிஞ்சுவது 847 ரூபாய்தான். வாரம் 1200 ரூபாய் என்று வையுங்கள். வரியோடு 1416, நான்கு வாரத்துக்கு 5664. உங்கள் 6000-க்குள் அடங்கும். வியாழன் மாலை முதல் சனி வரை நாளுக்கு 300, பிறகு திங்களும் செவ்வாயும் தலா 150. ஞாயிறுக்குச் செலவழிக்க வேண்டாம், அன்று தானே வருவார்கள். படம் திங்கட்கிழமையே படுத்துவிட்டது தெரிந்தால் அந்த 300-ஐ அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடாத படத்தை விளம்பரத்தால் தூக்க முடியாது.

போஸ்டுக்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பட்டனை அப்படியே அழுத்தாதீர்கள். ஆட்ஸ் மேனேஜரில் போய், நோக்கமாக வாட்ஸ்அப் செய்தியைத் தேர்ந்தெடுங்கள். விளம்பரத்தைத் தொட்டவர் நேரே உங்கள் நம்பருக்கு வந்து நேரம் கேட்பார். பதில் சொல்லும்போதே அவர் நம்பரும் உங்களிடம் வந்துவிடும், அடுத்த படத்துக்கு அவரிடம் பேச மறுபடி காசு வேண்டாம். வெறும் லைக்குக்குக் கொடுக்கும் பணம் ஒருமுறையோடு போய்விடும்.

இடம் குறிப்பதில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது. 'திருநெல்வேலி' என்று எழுதி 40 கிலோமீட்டர் சேர்த்தால் நெல்லை வண்ணாரப்பேட்டையில் உள்ளவருக்கும் உங்கள் விளம்பரம் போகும். அவர் பக்கத்தில் இருக்கும் தியேட்டரை விட்டு அம்பைக்கு வரமாட்டார். வரைபடத்தில் குறிப்புள்ளி வைத்து 15 கிலோமீட்டர் போடுங்கள். புள்ளியைத் தியேட்டர் மேல் வைத்தால் வட்டத்தில் ஒரு பெரிய துண்டு பொதிகை மலைக்கும் முண்டந்துறைக் காட்டுக்கும் மேல் விழும். ஆளில்லாத இடத்துக்குப் பணம் போகாது என்றாலும், அந்தப் பக்கம் போன வட்டம் கிழக்கே உள்ள ஊர்களை விட்டுவிடும். புள்ளியை நான்கைந்து கிலோமீட்டர் வீரவநல்லூர்ப் பக்கம் நகர்த்துங்கள். விகேபுரமும் உள்ளே இருக்கும், சேரன்மகாதேவியும் வந்துவிடும். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நம் ஊரில் பலர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் விடுபட்டுப் போவார்கள்.

படத்தின் அளவு ரீல்ஸுக்கும் ஸ்டோரிக்கும் 1080-க்கு 1920. விநியோகஸ்தர் அனுப்பும் போஸ்டரை அப்படியே நீட்டிப் போடுகிறார்கள், ஆட்ட நேரம் அடிவரியில் இருக்கும். ரீல்ஸில் கீழே மூன்றில் ஒரு பங்கைப் பெயரும், பட்டன்களும், தலைப்பு வரிகளும் மூடிவிடும். மேலேயும் ஏழில் ஒரு பங்கு போகும். நேரம், தியேட்டர் பெயர், ஊர் மூன்றும் நடுவில் இருக்கட்டும். தணிக்கைச் சான்றையும் கட்டாயம் எழுதுங்கள். 2024 நவம்பரிலிருந்து யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரிந்திருக்கிறது. ஏ சான்றுப் படத்துக்குப் பிள்ளைகளோடு வந்து கேட்டில் திரும்பிப் போகும் குடும்பம், அடுத்த படத்துக்கும் வராது.

கேபின்_வெளிச்சம் எழுதியது:

மூணாவது கேள்விக்கு ஒரே பதில்: திரை தெரியுற மாதிரி ஒரு நொடி கூட எடுக்காதீங்க, எடுக்கவும் விடாதீங்க. 2023-ல திருத்தின ஒளிப்பதிவுச் சட்டப்படி, அனுமதியில்லாம படத்தைப் பதிவு செஞ்சா மூணு மாசத்துல இருந்து மூணு வருசம் வரை சிறை, அபராதம் குறைஞ்சது 3 லட்சம், படத்தோட தயாரிப்புச் செலவுல 5 சதவீதம் வரை போகும். ஹீரோ என்ட்ரியை ரசிகன் எடுத்துப் போட்டான், நாங்க ஷேர்தான் பண்ணினோம்னு சொல்லித் தப்பிக்க முடியாது. டிஜிட்டல் பிரிண்ட்ல கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் ஓடுது. வெளிய வந்த துண்டு வீடியோவை வச்சு எந்த சர்வர், எந்தத் தேதி, எந்த ஆட்டம்னு கண்டுபிடிச்சிடுவாங்க. பாதிப்பு தியேட்டருக்குத்தான்.

கொண்டாட்டம் எடுக்கணும்னா வாசல்ல எடுங்க. மேளம், கட்அவுட், கவுண்டர் வரிசை, முடிஞ்சு வெளிய வர்றவங்க முகம். உள்ளதான் வேணும்னா, திரைக்கு முதுகைக் காட்டி நின்னு, லைட் எரியுற இடைவேளையில கூட்டத்தைப் பார்த்து எடுங்க. படம் ஓடையில எடுத்தா, திரை தெரியலைன்னாலும் வசனச் சத்தம் பதிஞ்சிடும், அதுவும் வம்புதான். சின்னப் பிள்ளைங்க முகத்தைக் கிட்டத்துல காட்டுறதா இருந்தா பெத்தவங்களைக் கேட்டுக்குங்க.

பாட்டு விஷயம். இன்ஸ்டாகிராம்ல பிசினஸ் அக்கவுண்டுக்கு சினிமாப் பாட்டு முழுசாக் கிடைக்காது. கிடைக்குதேன்னு அக்கவுண்டை மாத்தினாலும், வியாபார விளம்பரத்துக்கு அந்தப் பாட்டைப் போட உரிமை வந்துடாது, எப்ப வேணும்னாலும் சத்தத்தை அணைச்சிடுவாங்க. யூடியூப்ல 90 நாளைக்குள்ள மூணு காப்புரிமை ஸ்ட்ரைக் விழுந்தா சேனலே போயிடும். படத்தோட டிரெய்லர் துண்டு வேணும்னா விநியோகஸ்தர்கிட்ட வாட்ஸ்அப்ல எழுதிக் கேட்டு, 'போடலாம்'னு பதில் வாங்கி வச்சுக்குங்க. இல்லைன்னா தயாரிப்பு நிறுவனத்தோட ஒரிஜினல் பதிவையே ஷேர் பண்ணி, மேல உங்க ஆட்ட நேரத்தை எழுதுங்க.

இன்னொண்ணு, யாரும் யோசிக்காதது. சாவி வராம நேரத்தை அறிவிக்காதீங்க. படம் சர்வர்ல இறங்கியிருந்தாலும் கேடிஎம்ங்கிற டிஜிட்டல் சாவி வந்தாத்தான் திறக்கும். அது குறிப்பிட்ட தேதி, நேரத்துக்குள்ளதான் செல்லும், உங்க சர்வருக்கு மட்டும்தான் செல்லும். இடையில சர்வர்ல போர்டு மாத்தியிருந்தா பழைய விவரத்துக்குப் போட்ட சாவி திறக்காது, புதுசு கேட்டு வாங்கணும். பணக்கணக்கு முடியாம ராத்திரி வரை இழுக்கிறதும் உண்டு. சாவி வந்து, முதல் ரீலை அஞ்சு நிமிசம் ஓட்டிச் சத்தமும் படமும் சரின்னு கேபின்ல இருந்து சொன்ன பிறகுதான் போஸ்டர் போகணும். ஸ்பெஷல் ஷோவுக்கும் அப்படித்தான், அரசாங்க அனுமதி கையில வராம நேரம் போட்டா கூட்டம் வந்து கேட்டை ஆட்டும்.

ரெண்டாம்ஆட்டம்:

நல்ல நேரத்துல சொன்னிய அண்ணாச்சி, உள்ள எடுத்த ரெண்டு வீடியோவ இப்பமே தூக்கியாச்சு. கடைசியா ஒரு சந்தேகம். சேனல்ல இருக்கவங்களுக்கு வார நாளுல டிக்கெட்டுல இருபது ரூபா குறைக்கலாமா?

டிகே_ஏரியா:

டிக்கெட்டுல கை வைக்காதீங்க தம்பி. விநியோகஸ்தர் பங்கு டிசிஆர்ல, அதாவது தினசரி வசூல் அறிக்கையில வர்ற டிக்கெட் வசூல்லதான் கணக்கு. அவரைக் கேட்காம குறைச்சா, ஆளுக்கு ஆள் கணக்கு மாறி வார முடிவுல தகராறு வரும். அவர் சம்மதிச்சா எழுத்துல வாங்கிட்டு எல்லாருக்குமே குறையுங்க. சேனலுக்குன்னு தனியாச் செய்யணும்னா கேன்டீன்ல செய்யுங்க, அது உங்க சொந்த வரவு. 'திங்கள் முதல் வியாழன் வரை மேட்னிக்கு நாலு டிக்கெட் எடுத்தா ஒரு பாப்கார்ன்.' தினம் ஒரு சொல்லைச் சேனல்ல போட்டு, அதை வந்து சொல்றவங்களுக்கு மட்டும் கொடுங்க. கேன்டீன்ல ஒரு நோட்டுல கோடு போட்டுட்டு வந்தா, சேனலைப் பார்த்து எத்தனை குடும்பம் வந்துச்சுன்னு ரெண்டே வாரத்துல தெரிஞ்சிடும். வியூஸ் கணக்கை விட அந்த நோட்டு நம்பகமானது.

ஒரு நாட்காட்டியும் கேபின் சுவத்துல மாட்டுங்க. சித்திரையிலயும் ஆடியிலயும் எந்த ஊர்ல என்னைக்குக் கோயில் கொடைத் திருவிழான்னு குறிச்சு வைங்க. பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையா இருக்கும். அன்னைக்கு ராத்திரி அந்த ஊர்ச் சனம் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் விட்டுட்டு ரெண்டாம் ஆட்டத்துக்கு வராது, அந்தச் செவ்வாய்க்கு வச்ச 150 ரூபாயை வேற நாளுக்கு மாத்துங்க. ஆனா கொடைக்கு வெளியூர்ல இருந்து வந்த சொந்தக்காரங்க ரெண்டு மூணு நாள் வீட்டுல தங்குவாங்க. புதன், வியாழன் மேட்னிக்கு அந்த ஊரைச் சுத்தி மட்டும் 5 கிலோமீட்டர் வட்டம் போட்டு, முந்தின நாள் சாயங்காலமே குரல் பதிவும் போட்டுடுங்க.